நம்பியாரூரரின் விழாச் செலவும் வடதிருமுல்லைவாயிலும்

சிவாலயங்களில் நிகழும் திருவிழாக்களைக் கண்டு தொழுதல் மக்கட் பிறவியின் பயன்களுள் ஒன்றென்பது சைவ ஆசிரியர்களின் துணிபாம். திருமயிலையில் எலும்பும் சாம்பருமாய்க் குடத்துள் இருந்த பூம்பாவையாரை அழைத்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான், அத்திருப்பதிகத்தில் ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலாக அவ்வூரில் நிகழும் விழாக்களை நிரல்பட எடுத்து, அவற்றைக் காணாது மறைந்துபோதல் தகுமோ என வினவுகின்றார். மாண்ட மகளை மீட்டற்கு வேறோர் உலகின்பத்தையும் காட்டாது விழாக்காட்சி யொன்றனையே காட்டினமை உய்த்துணரத் தக்கது. திருநாவுக்கரசரும், திருவாரூரில் ஆதிரைநாளிற் கண்ட சிறப்பைத் திருப்புகலூரிற் சம்பந்தருக்குப் பதிகத்தாலேயே விரித்துரைத்தார். அதனைக் கேட்ட பிள்ளையார் ஆரூர் தொழும் விருப்பொடு புறப்பட்டனர் என்பது பெரியபுராணம். ஆகவே, விழாவொன்றன் பொருட்டு ஊர்பல கடந்து செல்லும் வழக்கம் 7-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த தென்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. விழாக்காணும் வேட்கை இத்துணைச் சிறந்ததாயின், அவ்வேட்கையாலேயே திருவொற்றியூரை நீங்கிய நம்பியாரூரர் கண்ணிழந்தது என்னை? விழாவைக் காண விரும்பினார்க்குக் காணுங் கருவியே பறிக்கப்பட்டது என்றால், அது விழாவுக்கு இழுக்கோ, அன்றி வேட்கைக்கு இழுக்கோ? இதற்கு விடை காண்டற்கு, ஒற்றியூரினின்று அவர் மேற்றிசை நோக்கி நடந்த வழியையும், அவ்வழியில் முதற்கண் எதிர்ப்படும் வடதிருமுல்லைவாயிலையும் வரலாற்று முறையால் ஆராய்தல் வேண்டும்.

சேக்கிழார் கூறும் நிகழ்ச்சி வருமாறு. சங்கிலியாரை மணக்க விழைந்த நம்பிகள், அவரைப் பிரியேன் எனச் சூளுறவு செய்ய உடன்பட்டார். சூள் உரைக்குங்கால் இறைவன் திருமுன்பை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளவேண்டு மென்று தம் தோழராகிய பெருமானிடத்தே முன்னரே விண்ணப்பமும் செய்துகொண்டார். பெருமானோ அம்மகிழின் கீழேயே சூள் பெறுமாறு சங்கிலியாருக்கு உணர்த்தியருளினார். அவ்வாறே மகிழின்கீழ்ச் சூள் நிகழ்ந்து, மணமும் இனிது முடிந்தது. பின்னர் இளவேனில் வந்தது. பொதியமலைத் தென்றல் வீசிற்று. திருவாரூரில் வீதிவிடங்கப் பெருமானது வசந்தவிழாவும், அவ்வோலக்கத்திற் பரவையார் பாடியாடுதலும், நேரே கண்டும் கேட்டும் இருந்தாற்போல நம்பிகளது நினைவில் எழுந்தன. ஆற்றாராகிய அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே கண்ணொளி மறைந்தது.

இங்கே ஒன்று நுணுகி நோக்கற்பாலது. கண் மறைந்தது ஆரூரை நினைந்த பொழுதன்று. தென்றலில் உளம் உருகிய பொழுதுமன்று. ஊரெல்லையைத் தாண்டிய பொழுதே, அஃதாவது சூள் பிழைத்த பொழுதே, மறைந்தது. ஆகலின் விழாவேட்கைக்கு இழுக்கில்லை. கொடுத்த சொல்லைக் கடந்தமைக்கே இழுக்கு வந்தது. ஒரு தலத்து இறைவன்முன் உரைத்த மொழியைப் பொய்யாக்கி, மற்றொரு தலத்து அவ்விறைவனையே விழாக்கோலத்திற் காணப்புகுதல் பொருந்தாது; இரு தலத்தும் உறைவோன் ஒருவனேயாகலின் என்க. தலயாத்திரை செய்வார் அனைவரும் நெஞ்சிற் பதிக்கத்தக்க உண்மை இது.

இனி, செலவின் வழியைக் காண்போர்க்கு முதலில் விளங்கவேண்டுவது முல்லைவாயில் எது என்பதே. இப்பெயருடைய பாடல்பெற்ற தலங்கள் இரண்டு. சீகாழிக்கு அணித்தாய்க் கடல்சார்ந்து விளங்குவது தென்திருமுல்லைவாயில். அது சம்பந்தர் பாடல் பெற்றது. தொண்டைநாட்டில், இன்று சென்னைக்கு மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்குவது வடதிருமுல்லைவாயில். ஏழாந் திருமுறையின் 69-ஆம் பதிகம் இதற்குரியது. ஒற்றியூரினின்று இவ்வூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. கண்ணொளி உடையார்க்கு அக்காலத்தில் ஒருநாள் நடைக்குள் அடங்குவது. கண்ணொளி இழந்து, உடன்வரும் அன்பர்கள் வழிகாட்ட நடந்த நம்பிகளுக்கு அவ்வழி எத்துணை நெடிதாய்த் தோன்றியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இச்செலவினை முறைப்படுத்தி உரைத்த சேக்கிழார் பெருமான் இந்நாட்டினரே என்பதும் மறக்கற்பாலதன்று. அவர் பிறந்த குன்றத்தூர், பூவிருந்தவல்லிக்கும் மாங்காட்டுக்கும் அணித்தே உள்ளது. சோழப் பேரரசில் அநபாயனுக்கு அமைச்சராயிருந்து, சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் வைத்த பேரன்பால் அப்பெயராலேயே குன்றத்தூரில் ஒரு கோயில் எடுத்தவர் அவர். பிள்ளையார் திருவேற்காடு, திருவலிதாயம், திருவொற்றியூர் என்னும் ஊர்களைத் தொழுது சென்றதையும், வன்றொண்டர் ஒற்றியூரினின்று முல்லைவாயில், திருவெண்பாக்கம், பழையனூர், காஞ்சி எனச் சென்றதையும் அவர் கூறும் முறை நிலவமைப்போடு இயைந்து நிற்கின்றது. தாம் நடந்து பழகிய நிலத்தையே அவர் பாடினார் என்று கொள்ளுதல் மிகையாகாது.

முல்லைவாயிற் பதிகத்துள் வரலாற்றுக்குப் பயன்படும் குறிப்புக்கள் மூன்று உள. முதலாவது, சங்கிலியார் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டமையைச் சுந்தரர் தாமே அப்பதிகத்திற் கூறுதல். இதனால் கண்ணிழந்த செய்தி பிற்காலத்தார் புனைந்ததன்று, அருளிச்செய்தவர் வாய்மொழியே என்பது உறுதிப்படுகின்றது. இரண்டாவது, அவ்வூர் பாலி என்னும் ஆற்றின் வடகரையிலுள்ள தென்றும், சந்தனமும் அகிலும் மயிற்பீலியும் யானைத்தந்தமும் முத்தும் பவளமும் சுமந்து அவ்வாறு இழிந்துவருகின்ற தென்றும் கூறுதல். பாலி என்பது பாலாற்றின் பெயர். இன்றைய பாலாறோ காஞ்சிக்குத் தெற்கே நெடுந்தொலைவில் ஓடுகின்றது. பாலாறு முற்காலத்தில் வடகிழக்காக ஓடி, இப்பொழுது கொற்றலை முதலியவை பாயும் நிலத்தின் வழியே கடல் புகுந்ததென்பது நிலநூல் வல்லார் பலர் கொள்கை; அதற்கு இலக்கியச் சான்றாக இப்பாட்டு எடுத்துக்காட்டப்படுவதாகும். கண்ணிழந்த ஒருவர் வாக்கு, திசைமாறிய ஓர் ஆற்றின் பழைய போக்கினைக் காட்டி நிற்பது வியப்பேயன்றோ?

மூன்றாவது குறிப்பு தொண்டைமானைப் பற்றியது. அவன் ஊர்ந்துவந்த களிற்றை முல்லைக்கொடியாற் கட்டி, அவன் பேரின்பம் எய்துமாறு இறைவன் வெளிப்பட்டருளினான் என்று பதிகம் கூறுகின்றது. தலபுராணம் இதனை விரிக்கும். ஓணன், வாணன் என்னும் குறும்பரை வெல்லச் சென்ற மன்னனது யானையின் காலில் முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன. அவன் வாளால் அவற்றை வெட்ட, உள்ளிருந்த சிவலிங்கத்தின்மேல் வாள்பட்டுக் குருதி பெருகிற்று. அஞ்சி உயிர்விடத் துணிந்த அவனுக்கு இறைவன் வெளிப்பட்டு, மாசிலாமணியாய் விளங்குவோம் எனத் தேற்றி, நந்திதேவரை அவனுக்குத் துணையாக அனுப்பினான் என்பது அது. நந்தி இறைவனை நோக்காது கிழக்கு நோக்கியிருத்தலும், குறும்பர் கோட்டையினின்று கொணர்ந்தனவென்று கூறப்படும் எருக்கந்தூண் இரண்டு கருவறைமுன் நிற்றலும் அக்கதையின் அடையாளங்களாக இன்றும் காட்டப்படுகின்றன. வாளும் குருதியும் பதிகத்திற் சொல்லப்படவில்லை. களிறும் கொடியும் வெளிப்பாடும் மட்டுமே உள. ஆதலின் தலவரலாற்றின் உள்ளுறை சுந்தரர் காலத்துக்கும் முந்தியதென்றும், ஏனைய பகுதிகள் பின்னர் விரிந்து வளர்ந்தன வென்றும் கொள்ளலாம். சுந்தரர் பாடிய கழற்சிங்கன் பல்லவன் இராசசிம்மனோ மூன்றாம் நந்திவர்மனோ என்பதில் வரலாற்றாசிரியர் இருவேறு கருத்தினர். எக்கருத்தைக் கொள்ளினும் தொண்டைமான் செய்தி 1,100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைத்து. பின்னாளில் உத்தமசோழன் காலத்தில், அவன் அன்னையாராகிய செம்பியன் மாதேவியார் இக்கோயிலுக்கு நிலம் அளித்தமையைக் கல்வெட்டு உரைக்கின்றது.

நிற்க. இச்செலவில் ஒவ்வோர் ஊரிலும் நம்பிகள் பெற்றது யாதென வகுத்து நோக்கின் முல்லைவாயிலின் தனிச்சிறப்பு விளங்கும். ஒற்றியூரிற் கண்ணிழந்தவர், அங்குப் பாடிய 54-ஆம் பதிகத்திலேயே, கண்ணைக் கொள்வதே முறையாயின் ஊன்றுகோலேனும் அருளலாகாதோ என்று வேண்டினார். அக்கோலினைப் பெற்றது வெண்பாக்கத்தில். அங்கு, கோயிலினுள் உள்ளீரோ என அவர் வினவ, உள்ளோம், செல்க என்னும் கருத்துப்பட விடைவந்தது. காஞ்சியிற் காமக்கோட்டம் தொழுது ஏகம்பத்தை அடைந்தபொழுது இடக்கண் பெற்றார். ஆரூரில், தோழமையின் உரிமையெல்லாம் தோன்ற முறையிட்டு வலக்கண் பெற்றார். இவற்றிடையே முல்லைவாயிலிற் பெற்றது யாது? கோலும் இல்லை, கண்ணும் இல்லை, மறுமொழியும் இல்லை. தாம் படுந் துன்பத்தைக் களைந்தருளுமாறு பாட்டுத்தோறும் வேண்டியும், அவ்வூரில் அவர்க்கு ஏதும் அருளப்பட்டதாகச் சேக்கிழார் கூறினாரில்லை.

பெறாத ஊரிற் பாடிய பாட்டு என்பதே இப்பதிகத்தின் பெருமை. காட்சி இல்லாத அவ்வேளையிலே ஆற்றுப்பெருக்கும் முல்லைவாயிலின் வளமும் அவர் வாக்கில் ஒழுகின. இதனைத் தொண்டைமான் செய்தியோடு ஒப்பிட்டால் பொருள் மேலும் விளங்கும். அரசன் இரு கண்ணும் உடையான். ஆயினும் கொடிப்புதருள் இருந்த பெருமானை அவன் காணவில்லை. நம்பிகள் இரு கண்ணும் இழந்தார். ஆயினும் அப்பெருமானை நேர்நின்று விளித்துப் பாடினார். அரசனுக்குக் கண் இருந்தும் காட்டுவார் இல்லாதவரை காட்சி இல்லை. நம்பிகளுக்குக் கண் இல்லையாயினும் காட்டுவோன் உள்நின்றமையின் பாட்டு எழுந்தது.

சித்தாந்த சாத்திரத்தில் இப்பொருள் நிலைபெற்றுள்ள இடம் மெய்கண்டதேவரது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம். கண் தானே காணும் ஆற்றலுடையதன்று. உயிர் உடன்நின்று காட்டினாலன்றிக் கண்ணுக்குக் காட்சி நிகழாது. அவ்வாறே உயிரும் தானே அறியவல்லதன்று. இறைவன் உடன்நின்று கண்டும் காட்டியும் உதவினாலன்றி அதற்கு அறிவு நிகழாது என்பது அங்குக் கூறப்படும் உவமை. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என உரையாசிரியர்கள் இதனை இரண்டாக வகுப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சூத்திரமாய் அமைந்த இவ்வுண்மை, அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒற்றியூர் முதல் ஆரூர் ஈறாக ஓர் அடியார் நடந்த வழியில் நிகழ்ச்சியாய் நடந்துகாட்டியது. ஏகம்பத்திற் பாடிய 61-ஆம் பதிகத்தில், எம்பெருமானைக் காண்டற்கு அடியேன் கண்பெற்றவாறு என்னே என்று அவர் பாட்டுத்தோறும் வியத்தல், கண் என்பது தம் உடைமையன்று, பெற்ற பொருள் என்பதை உணர்ந்தார்தம் வியப்பாகும்.

ஒற்றியூரின் பிற்கால வரலாறும் இத்தொடர்பில் அறியத்தக்கது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் இராசாதிராசனது 9-ஆம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவின் ஆறாம் நாளன்று மகிழின்கீழ் இறைவன் எழுந்தருளியிருக்க, ஆளுடையநம்பி சீபுராணம் கேட்கப்பட்ட தென்றும், அவ்விடத்தே அரசனும், மடத்துத் தலைவராகிய சதுரானன பண்டிதரும், சோமசித்தாந்தம் விரிக்கும் வாகீச பண்டிதரும் இருந்தனரென்றும் அவ்வூர்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. மற்றோர் ஊர் விழாவைக் காணும் பொருட்டு நம்பிகள் விட்டுச்சென்ற ஊர், அவர் வரலாற்றையே தன் விழாவாக்கிக் கொண்டது; அதுவும் அவர் சூளுரைத்த அம்மகிழின் நிழலிலேயே! மாசிப் பெருவிழாவில் மகிழடிசேவை என்னும் பெயரால் அச்சூளுறவு இன்றும் அங்கு நிகழ்த்தப்பெறுகின்றது. பிழையை மறையாது விழாவாக எடுத்துக் காட்டுதல் சைவர் வரலாற்று நேர்மைக்கு ஒரு சான்றாம்.

வெண்பாக்கத்தின் நிலையோ வேறு. சென்னை மாநகர்க்குக் குடிநீர் தருதற்பொருட்டுக் கொற்றலையாற்றின் குறுக்கே அமைந்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவெய்தியது. பழைய திருவெண்பாக்கம் அந்நீர்க்குள் அடங்கியது. ஊன்றுகோல் அளித்த பெருமானுக்குப் பூண்டியிற் புதிய கோயில் எடுக்கப்பெற்று, அங்கே வழிபாடு நடைபெறுகின்றது. இன்று அவ்வழிச் செல்வார் நம்பிகள் நின்ற மண்ணைக் காண்டல் இயலாது, நீர்ப்பரப்பையே காண்பர். ஆயினும் பதிகம் ஓதுவார்க்கு அத்தலம் மறைந்ததன்று.

இவ்வேறுபாடு, அஃதாவது கண்ணுக்குக் கிடைக்கும் இடமும் வழிபாட்டுக்குக் கிடைக்கும் தலமும் ஒன்றல்ல என்பது, கடல்கடந்த சைவநாடொன்றினும் காணப்படும். இன்று வியட்நாம் எனப்படும் நாட்டின் நடுப்பகுதியும் தென்பகுதியும் முன்னாளிற் சம்பா என வழங்கின. அங்கே 4-ஆம் நூற்றாண்டளவிற் பத்திரவர்மன் என்னும் அரசன் மீசோன் பள்ளத்தாக்கிற் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்துத் தன் பெயரொடு சார்த்திப் பத்திரேசுவரன் என வழங்கினான். ஞாத்திராங்கு என்னும் கடற்கரையூரில் அம்மைக்குரிய போநகர்க் கோயிலைக் கடற்கொள்ளையர் 774-இல் எரித்து முகலிங்கத்தையும் கவர்ந்துபோக, சத்தியவர்மன் 784-இல் அதனைச் செங்கல்லால் மீண்டும் எடுத்தான் எனக் கல்வெட்டுக் கூறும். மீசோன் கோயில்களுட் பல 1969-இல் போர் விமானங்களின் குண்டுவீச்சில் இடிந்தன. எஞ்சியவை 1999-இல் உலக மரபுச்சின்னமாகக் கொள்ளப்பெற்றன. நாள்தோறும் அவற்றைக் காண வருவோர் பலர். எனினும் அங்கே அன்றாடப் பூசை இல்லை. அது காட்சியிடம் மட்டுமே.

பான்ராங் ஊர்ப்புறத்துப் போகுலோங் கராய் என்னும் குன்றுக்கோயிலின் நிலை அதனின் வேறானது. வாயிலின்மேல் ஆடும் சிவபிரான் உருவமும் உள்ளே முகலிங்கமும் உடைய அக்கோயிலில், சாம் மக்கள் தம் ஆண்டுக்கணக்கின் ஏழாம் மாதத்தில், ஏறத்தாழப் புரட்டாசி ஐப்பசி யளவில், கதே என்னும் விழா எடுக்கின்றனர். இறைவனுக்குரிய ஆடைகளை மலைவாழ் இராகிலாய் மக்கள் காத்து வைத்திருந்து விழாவுக்குக் கொணர்வர். பூசகர் கோயிற் கதவைத் திறந்து, திருவுருவை நீராட்டி, அவ்வாடைகளைச் சாத்தி வழிபடுவர். அம்மொழியும் பூசைமுறையும் தமிழர்க்குப் புதியன. ஆயினும் நீராட்டலும் ஆடை சாத்தலும் திருக்கதவம் திறத்தலும் காணும் சைவர், தாம் அயலூரில் நிற்பதை ஒரு கணம் மறப்பர். ஒரே நாளில் அந்நாட்டு ஊர்கள் பல கண்டு திரும்புவோர்க்கு இடிந்த மீசோனும் காட்சியே. விழாவெடுக்கும் பான்ராங்கும் காட்சியே. காட்டுவார் இருக்கும் ஊரில் மட்டும் காட்சி வழிபாடாகின்றது.

இனி முல்லைவாயிலுக்கே மீளலாம். முழுமதியும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மையையும், நண்பகலில் ஒற்றியூரில் வடிவுடை அம்மையையும், மாலையில் முல்லைவாயிலிற் கொடியிடை அம்மையையும் ஒருநாளிலே தொழுதல் இந்நாட்டு அன்பர் போற்றிவரும் வழக்கம். அவ்வழிபாட்டின் பிற்பகுதியாகிய ஒற்றியூர் தொடங்கி முல்லைவாயில் முடியும் செலவு, நம்பிகள் கண்ணிழந்து நடந்த அத்திசையிலேயே அமைந்திருத்தல் குறிக்கத்தக்கது. முற்காலத்து நெடுவழி இன்று ஊர்திகளாற் சிறிதாயிற்று. புகைவண்டியிற் செல்வோர் அம்பத்தூர் கடந்து திருமுல்லைவாயிலில் இறங்கலாம். வழி சுருங்கினமையாற் குற்றமில்லை. மூன்று சந்நிதிகளை எண்ணி முடித்தலே பயனென்று கொள்ளின், அவ்விரைவில் ஒரு தலத்தில் நெஞ்சறிய உரைத்த வேண்டுதலையும் உறுதியையும் அடுத்த தலத்துக்குள் மறத்தல் நேரும். நம்பிகளது வரலாறு எச்சரிப்பது அம்மறதியையே.

மாசிலாமணியீசர் ஆண்டு முழுதும் சந்தனக்காப்பினுள் மறைந்தே இருப்பவர். சித்திரைச் சதயத்தை ஒட்டிக் காப்பு நீக்கப்பெறும் நாட்களில் மட்டுமே அவர் திருமேனி காணக்கிடைக்கும். கொடியால் மறைந்து தொண்டைமானுக்கும், கண் மறைத்து நம்பியாரூரருக்கும், சந்தனத்தால் மறைந்து ஏனையோர்க்கும் அவர் உணர்த்துவது ஒன்றே: காணுதல் உயிரின் உரிமையன்று, காட்டுதல் இறைவனது அருள் என்பது. அந்நாட்களிற் செல்வார் திருமேனி கண்டு தொழுக. ஏனைய நாட்களிற் செல்வார், ஏதும் பெறாது நின்ற நிலையிலும் பெருமானைப் பாடிய அவ்வடியாரை நினைந்து, அவர் பதிகத்தை அச்சந்நிதியில் ஓதித் தொழுக. அவ்வூரில் அவர் செய்தது அதுவே.

திருச்சிற்றம்பலம்